மத்தேராவில் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் தென் இத்தாலியின் குகை நகரான மத்தேராவைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். மகளிடம் போயிருந்தபோது நானும் மனைவியும் ஒக்டோபர் மாதம் மூன்று நாள் அங்கே தங்கினோம். அந்தப் பத்திக்கு வந்த கேள்விகளுக்கே இந்த முறை பக்கம் முழுவதும். 31 வருடம் நீர்ப்பாசன வேலையில் இருந்தவன் நான், அதிலும் கந்தளாய்ப் பக்கம்தான் அதிகம். எந்த ஊருக்குப் போனாலும் தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே ஓடுகிறது என்றுதான் என் கண் தேடும். என் பதில்களும் அந்தப் பக்கமே சாயும்.

பலெர்மோவில் இருக்கும் மகனிடம் வருகிற வருடம் போகிறோம். மத்தேராவுக்கும் போக எனக்கு ஆசை. ஆனால் முழங்கால் வருத்தம் இருக்கிறது. இவரோ, "ஒரு குகையைப் பார்க்க அவ்வளவு தூரமா?" என்கிறார்.
– வாசகி, உப்புவெளி

அவரை முதலில் பலெர்மோவிலேயே ஒரு குகைக்குக் கூட்டிப் போங்கள். பெல்லெகிரீனோ மலையில் சாந்தா ரொசாலியா கோவில் இருக்கிறது. நம்முடைய ஆட்கள், சைவர்கள் உட்பட, நேர்த்தி வைத்து நடந்து ஏறுகிற மலை அது. கோவிலே குகைக்குள்தான். பாறையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்க மேலே தகரப் பீலிகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. அந்தப் பீலிகளை அண்ணாந்து பார்த்தாரென்றால் மத்தேராவுக்கு அவரே வெளிக்கிடுவார்.

பலெர்மோவிலிருந்து விமானத்தில் பாரி நகருக்குப் போவதுதான் சுகம். தரைவழியாகப் போனால், மெசினாவில் ரயிலையே கப்பலில் ஏற்றிக் கடல் கடத்துவார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் பயணம் மிக நீளம், உங்கள் காலுக்குச் சரிவராது. பாரியிலிருந்து மத்தேரா ஏறக்குறைய 65 கிலோமீற்றர். ஒடுங்கிய பாதையில் ஓடும் சின்ன ரயில் ஒன்றரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட எடுக்கும். ஞாயிற்றுக்கிழமையில் போவதென்றால் நேர அட்டவணையை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

முழங்கால் விஷயத்தில் ஒளிக்காமல் சொல்கிறேன். நம்முடைய கோணேசர் கோவிலுக்குக் கோட்டை வழியாக ஒரே ஏற்றமாக ஏறினால் வேலை முடிந்தது. அங்கே அப்படியில்லை. ஏறி, இறங்கி, திரும்பவும் ஏற வேண்டும். படிகள் நூற்றாண்டுக் கணக்காக மிதிபட்டு வழுவழுப்பாகிவிட்டன, மழை பெய்தால் சறுக்கும். செருப்பை விட்டுவிட்டு றப்பர் அடியுள்ள சப்பாத்துப் போடுங்கள். 'குகை ஹோட்டல்' என்று மகன் ஆசையோடு பதிவு செய்ய வருவார், வேண்டாமென்று சொல்லுங்கள். மேலே விற்றோரியோ வெனெற்றோ சதுக்கத்தைச் சுற்றியுள்ள பகுதி சமதரை, அங்கே தங்குங்கள். குகைப் பகுதிகள் இரண்டு, அவற்றைச் சாஸி என்கிறார்கள். கற்கள் என்று அர்த்தம். ஒன்று பாரிசானோ, மற்றது கவேயோசோ. பாரிசானோ கொஞ்சம் இலகு. முதல் நாள் அதைப் பாருங்கள், மற்றதுக்கு உடம்பு இடம் கொடுத்தால் அடுத்த நாள் போங்கள். ஒரு பின்னேரம் மட்டும் வாகனம் பிடித்துப் பள்ளத்தாக்கின் அந்தக் கரைக்கு, மூர்ஜா தீமோனே மேட்டுக்குப் போய்விடுங்கள். முழு நகரமும் எதிரே நிற்கும், ஒரு படிகூட ஏறத் தேவையில்லை.

ஜூலை, ஓகஸ்ட் வெயிலுக்கு அகப்பட வேண்டாம். விசாவுக்குப் பயணக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

படங்களில் பார்த்தால் கல் வீடுகளும் படிக்கட்டும்தான். நேரில் போய்ப் பார்க்க அப்படி என்ன இருக்கிறது?
– வாசகர், மூதூர்

படத்தில் தெரியாத இடத்தில்தான் அந்த ஊரின் உயிர் இருக்கிறது. கீழே கிராவினா ஆறு ஓடுகிறது, ஆனால் பள்ளத்தாக்கு அவ்வளவு ஆழம். ஒரு குடும்பம் நாள் முழுக்கக் குடம் சுமந்தாலும் கட்டுப்படியாகாது. அதனால் அந்த மக்கள் மழையை நம்பினார்கள். மலை முழுவதும் மென்மையான சுண்ணக்கல். குடைந்து எடுத்த கல்லையே வெட்டி, முன்சுவராகக் கட்டிக்கொண்டார்கள். கூரையில் விழும் மழையைப் பீலியில் பிடித்தார்கள். ஒரு வீட்டின் கூரைதான் அதற்கு மேலே இருக்கும் வீட்டுக்காரரின் நடைபாதை. கூரை, பாதை, முற்றம் எல்லாம் நிலத்தடித் தொட்டியைப் பார்த்தே சரிந்திருக்கின்றன. வாய் ஒடுங்கி அடி அகன்று, கோவில் மணியைக் கவிழ்த்து வைத்தது போன்ற தொட்டிகள்.

நான் ஒரு படியில் குந்தியிருந்து, போத்தலில் இருந்த தண்ணீரில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தேன். அது சுவரோரமாகப் போய், கல்லில் வெட்டிய இரண்டு விரல் அகலக் கானுக்குள் விழுந்து, வளைந்து, ஒரு துவாரத்துக்குள் மறைந்தது. மட்டம் பார்க்கும் கருவியில்லாத காலத்தில் பிடித்த சரிவு அது. மனைவி இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் எழும்பினேன்.

அப்புறம், சதுக்கத்துக்குக் கீழே இருக்கும் பலொம்பாரோ லுங்கோ. நீங்கள் பார்க்க வேண்டியது இதைத்தான். 16ஆம் நூற்றாண்டில் குடையத் தொடங்கி, 19ஆம் நூற்றாண்டில் பெருப்பித்த பொதுத் தண்ணீர்த் தொட்டி. ஏறக்குறைய 50 இலட்சம் லீற்றர் கொள்ளும். சுனாமிக்குப் பிறகு நம் ஊர்களுக்குப் பவுசரில் தண்ணீர் வந்ததை நினைத்துப் பாருங்கள். 5,000 லீற்றர் பவுசர் ஆயிரம் வந்தால்தான் அது நிறையும். குழாய்த் தண்ணீர் வந்த பிறகு ஊரே அதை மறந்து, 1991இல்தான் மீண்டும் கண்டெடுத்தது. இப்போது இரும்பு நடைபாதை போட்டு உள்ளே விடுகிறார்கள். சுவர்களில் பழைய நீர்மட்டக் கோடுகள் அப்படியே நிற்கின்றன. ஓட்டுத் தூளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிய சாந்து இன்னும் உரியவில்லை. நான் உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன், சங்கு போல வழுவழுப்பு. சீமெந்துத் தொட்டி 20 வருடத்தில் வெடித்ததை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! அந்தச் சாந்தைக் குழைத்த மேசன்மாருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

இவ்வளவு திறமாகக் கட்டிய ஊரை அரசாங்கம் ஏன் காலி செய்தது? அது சரியா?
– உயர்தர மாணவி, தம்பலகாமம்

நல்ல கேள்வி, மகள். ஊர் நிரம்பி வழிந்தது. மிருகங்களைக் கட்டவும் பண்டம் வைக்கவும் இருந்த குகைகளுக்குள்ளும் குடும்பங்கள் குடியேறின. சன்னல் இல்லை, கழிவு போக வழியில்லை. கோவேறு கழுதையும் கோழியும் மனிதரோடு ஒரே அறையில். மலேரியாவும் கண்நோயும் பிள்ளைகளை வாட்டின. கார்லோ லேவி என்ற வைத்தியர், ஓவியரும்கூட, 1935இல் அரசியல் தண்டனையாக அந்தப் பிரதேசத்துக்கு அனுப்பப்பட்டிருந்தார். அவரைப் பார்க்கப் போகும் வழியில் மத்தேராவைக் கண்ட சகோதரியும் ஒரு வைத்தியர். அங்கே பிள்ளைகள் பின்னாலேயே வந்து காசு கேட்கவில்லை, மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா மருந்து கேட்டார்கள். லேவி இதை எழுதி 1945இல் புத்தகமாக வந்த பிறகுதான் நாட்டுக்கே உறைத்தது. தம்பலகாமத்தில் உங்கள் அம்மம்மாவைக் கேளுங்கள், மலேரியாக் காய்ச்சல் என்றால் என்னவென்று சொல்லுவார்.

1952இல் சட்டம் வந்தது. சுமார் 15,000 பேரைப் படிப்படியாகப் புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றினார்கள். பிள்ளைகள் பிழைத்தார்கள், ஆகவே மாற்றியது சரி என்பேன். ஆனால் பழைய ஊரில் ஏழெட்டு வீடுகளுக்கு ஒரு முற்றம், ஒரு கிணறு, எல்லோரும் ஒரே வாய்ப்பேச்சு. அதை விசினாத்தோ என்பார்கள். புது வீட்டில் குழாய் இருந்தது, அந்த முற்றம் இல்லை.

பழைய சாமான்களோடு ஒரு குகை வீட்டை அப்படியே வைத்திருக்கிறார்கள். கட்டில் நெஞ்சுயரம், கோழிகள் அதற்குக் கீழே. குடும்பம் முழுவதும் சுற்றியிருந்து சாப்பிட ஒரே ஒரு பெரிய கோப்பை. என் மனைவி 1990இல் இரண்டு பிள்ளைகளோடு முகாமில் இருந்தவர். எல்லோரும் கழுதைத் தொட்டியைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் வழிகாட்டிப் பெண்ணிடம், "கிணற்றில் யார் முதலில் அள்ளுவது?" என்று கேட்டார். மகள் மொழிபெயர்த்தாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் இவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, தன் பாட்டியும் அந்தத் தெருவில் பிறந்தவர் என்று மட்டும் சொன்னாள். பிறகு எங்களைக் கடைசிவரை விடவில்லை.

1986இல் இன்னொரு சட்டத்தால் திருத்த வேலை தொடங்கியது. 1993இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமை, 2019இல் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகர். இப்போது அந்தக் குகைகளில் பல ஹோட்டல்கள். ஹோட்டலாவது இருக்கட்டும், விளக்கு எரிகிறதே என்று நினைப்பேன். ஆனால் அங்கே பிறந்தவர்களுக்கு ஓர் இரவு வாடகை எட்டாது என்பது எனக்கு நோகிறது.

9,000 வருடப் பழமை என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், நிலாவெளி

அந்தச் சுற்றாடலில் மனிதர் வாழ்ந்தது அதற்கும் முந்தியது. கற்காலக் கருவிகள் கிடைத்திருக்கின்றன. தொமெனிக்கோ ரிதோலா என்ற வைத்தியர் தோண்டிச் சேர்த்தவற்றை 1911இல் அரசுக்குக் கொடுக்க, அதுவே அங்குள்ள நூதனசாலையானது. ஆனால் இன்று நீங்கள் பார்க்கும் வீடுகளும் பாறைக் கோவில்களும் பெரும்பாலும் மத்திய காலத்தவையும் அதற்குப் பிந்தியவையும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது.

நாங்கள் மரக்கறி மட்டும்தான். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
– வாசகி, அன்புவழிபுரம்

கஷ்டமே இல்லை. காய்ந்த அவரையை மசித்து, கசப்புக் கீரையோடு, மேலே ஒலிவ் எண்ணெய் விட்டுத் தருவார்கள். நம்முடைய பருப்பும் கீரையும் போல வயிற்றுக்கு இதம். காய வைத்த மிளகாயைப் பொரித்துத் தொட்டுக்கொள்ள வைப்பார்கள், உறைக்காது, மொறுமொறுப்பு. ஆனால் அந்த ஊரின் பெருமை பாண்தான். உள்ளே மஞ்சள் நிறம், மேலே தடித்த தோல். முந்தி வீட்டில் மாவைப் பிசைந்து பொதுப் போறணைக்குக் கொண்டுபோவார்களாம். எந்தப் பாண் எவருடையது என்று அடையாளம் காண, வீட்டுக்காரரின் பெயரெழுத்துச் செதுக்கிய மர அச்சை மாவில் குத்துவார்கள். அந்த அச்சுகள் இப்போதும் கடைகளில் கிடைக்கும். பாணை வெட்டித் தரச் சொல்லாதீர்கள், முழுதாக வாங்கித் துணியில் சுற்றி வையுங்கள். நாங்கள் புறப்படும் நாளில் வாங்கியதை ஐந்தாம் நாள் திருகோணமலையில் வைத்து வெட்டினோம். உள்ளே பஞ்சு மாதிரி இருந்தது.