அமெரிக்கா 1917-இல்தான் போரில் இறங்கியது ஏன்? பத்தாம் வகுப்பில் நடத்தும் முறை

கடலூரில் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்தும் ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: “முதல் உலகப்போரில் அமெரிக்கா சேர்ந்ததற்குக் காரணம் கேட்டால், லூசிடேனியா கப்பல் மூழ்கடிக்கப்பட்டது என்ற ஒரே வரியோடு மாணவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு பாடவேளைக்குள் இதை எப்படிப் புரியவைப்பது?”

அந்த வரியின் குறை, தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிரிட்டிஷ் பயணிகள் கப்பலான லூசிடேனியாவை ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கடித்தது 1915 மே 7-இல். இறந்த ஏறத்தாழ 1,200 பேரில் 128 பேர் அமெரிக்கர். அமெரிக்கா போர் அறிவித்ததோ 1917 ஏப்ரல் 6-இல். காரணங்களைப் பட்டியலிட்டுத் தொடங்காதீர்கள். இவ்விரு தேதிகளையும் கரும்பலகையின் இரு ஓரங்களில் எழுதிவிட்டு, “128 பேரைப் பறிகொடுத்த நாடு இரண்டாண்டுக் காலம் ஏன் பொறுத்திருந்தது?” என்று கேளுங்கள். பாடம் முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

முதல் பாடவேளையில் அதை நிரப்புங்கள். குடியரசுத் தலைவர் வில்சன் கண்டனக் கடிதங்களோடு நின்றார். 1916-இல் சசெக்ஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் தாக்கப்பட்டபின் அவர் கடுமையாக எச்சரிக்கவே, எச்சரிக்கையின்றி வணிகக் கப்பல்களை மூழ்கடிப்பதில்லை என்று ஜெர்மனி வாக்குறுதி அளித்தது. நாட்டைப் போருக்குள் இழுத்துவிடாதவர் என்ற முழக்கத்தோடுதான் அவ்வாண்டு நவம்பரில் வில்சன் மீண்டும் வென்றார். 1917 ஜனவரி 31-இல் ஜெர்மனி அந்த வாக்குறுதியைக் கைவிட்டு, மறுநாள் முதல் கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போரை, அதாவது எச்சரிக்கையின்றிக் கப்பல்களை மூழ்கடிப்பதை, தொடங்குவதாக அறிவித்தது. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். அமெரிக்கா எதிரியாகும் என்று தெரிந்தேதான் ஜெர்மனி இதைச் செய்தது. பிரிட்டனின் கடல் முற்றுகையால் உணவுப் பஞ்சத்தில் தவித்த அந்நாட்டின் படைத்தலைமை, அமெரிக்கப் படைகள் ஐரோப்பாவுக்கு வந்து சேருமுன் பிரிட்டனைப் பணியவைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டது. எதிர்த்தரப்பின் இந்தக் கணக்கைச் சொல்லாமல் விட்டால், போர் தானாக வந்து விழுந்ததுபோல் மாணவர்களுக்குத் தோன்றிவிடும்.

மெக்சிகோ தங்களோடு சேர்ந்தால் டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா பகுதிகளை மீட்க உதவுவதாக ஜெர்மானிய வெளியுறவு அமைச்சர் சிம்மர்மன் அனுப்பிய தந்தி, மார்ச் 1-இல் அமெரிக்கச் செய்தித்தாள்களில் வெளியானது. அம்மாதமே அமெரிக்க வணிகக் கப்பல்களும் மூழ்கடிக்கப்பட்டன. பிரிட்டன், பிரான்ஸ் முதலிய நேச நாடுகளுக்கு அமெரிக்க வங்கிகள் கொடுத்த கடனையும் குறிப்பிடுங்கள். ஆனால், அக்கடன் 1915, 1916-லும் இருந்தது. ஆகவே அது பின்னணியே தவிர உடனடிக் காரணம் ஆகாது என்பது என் கருத்து.

இரண்டாம் பாடவேளையில் வகுப்பையே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸாக்கி, போரில் சேரலாமா என்று வாக்கெடுப்பு நடத்துங்கள். ஒரே ஒரு விதி: 1917 ஏப்ரல் தொடக்கம் வரை நடந்தவற்றை மட்டுமே பேசலாம், போரின் முடிவைச் சொல்லக்கூடாது. வாக்களித்து முடித்த பிறகு உண்மையான எண்ணிக்கையைச் சொல்லுங்கள்: செனட்டில் 82க்கு 6, பிரதிநிதிகள் அவையில் 373க்கு 50. எதிர்த்த 50 பேரில் ஒருவர், அந்த அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணான ஜெனட் ராங்கின். மாணவிகள் இவரைப் பற்றிக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாக்கெடுப்பு முடிந்த கையோடு நம் ஊரின் கதையையும் சொல்லுங்கள். 1914 ஆகஸ்டில் பிரிட்டன் போரில் இறங்கியதும் கடலூரும் போருக்குள் வந்துவிட்டது. இங்கே யாரையும் யாரும் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த புதுச்சேரி, பிரான்சின் ஆட்சியில் இருந்ததால் அந்நாட்டோடு சேர்ந்து போருக்குள் போனது. பிரெஞ்சிந்தியாவிலிருந்து சென்று உயிர்நீத்த வீரர்களின் நினைவுச்சின்னம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. முடிந்தால் மாணவர்களை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

விடைத்தாள் திருத்தும்போது, காரணங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், 1915-க்கும் 1917-க்கும் இடையே என்ன மாறியது என்பதை ஒரு வாக்கியத்திலாவது மாணவர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். பள்ளித் தேர்வில் வினாவையே “அமெரிக்கா 1915-இல் போரில் சேராமல் 1917-இல் சேர்ந்தது ஏன்?” என்று அமைத்துவிட்டால், லூசிடேனியாவோடு நிறுத்தும் விடைக்கு இடமே இராது.