வளவும் மரமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் வீட்டுப் பின்வளவில் 15 வயதுடைய ஒட்டு மாமரம் ஒன்று நிற்கிறது. கொப்புகள் அயல்வீட்டுக் கூரைமேல் படர்வதால், ஆண்டுதோறும் தைப்பொங்கலுக்கு முன்னர் வளவைத் துப்புரவு செய்யும்போது, ஆள் பிடித்து நுனிகளை வெட்டுவித்து விடுகிறோம். மரம் பச்சைப்பசேலெனத் தழைக்கிறது. ஆனால் 3 ஆண்டுகளாக ஒரு காயும் இல்லை. உரம் போதவில்லையா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இவ்வளவு தழைக்கும் மரத்துக்கு உரக்குறை இருக்க இடமில்லை. நீங்கள் வெட்டும் மாதமே காய்ப்பைக் கெடுக்கிறது. மாமரம் முதிர்ந்த கொப்பின் நுனி மொட்டிலிருந்துதான் பூக்கும். துளிர்விட்டு நான்கைந்து மாதங்களாவது கடந்து, இலைகள் கடும்பச்சையாகித் தடித்த நுனிகளே பூங்கொத்தை ஈனக்கூடியவை. கொழும்பில் ஆண்டிறுதி மழை ஓய்ந்து, இரவுகள் சற்றுக் குளிரத் தொடங்கும் டிசம்பர், ஜனவரி நாட்களில் அந்த மொட்டுகள் பூவாக மாறுகின்றன. பொங்கலுக்கு முன்னர் நுனிகளை வெட்டும்போது, அந்த ஆண்டின் மாம்பழங்களை நீங்கள் மொட்டு நிலையிலேயே வெட்டிக் குப்பையில் இடுகிறீர்கள். வெட்டுண்ட மரம் உடனே இளந்துளிர் விடும். அத்துளிர் முதிர்வதற்குள் பூக்கும் காலம் போய்விடும். நீங்கள் காணும் பசுமைக்குக் காரணம் இதுதான்.

ஆகவே கத்தரிப்பதை அறுவடையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசிக் காயைப் பறித்து இரண்டு மூன்று வாரங்களுக்குள், அதாவது பெரும்பாலும் ஜூன், ஜூலை மாதங்களில், மழை விட்டிருக்கும் சில நாட்களைப் பார்த்து வெட்டினால், புதுத்துளிர் டிசம்பருக்குள் முதிர்ந்துவிடும். இந்த ஆண்டு காயே இல்லை என்பதால் காத்திருக்க வேண்டாம். அதே மாதங்களிலேயே வெட்டலாம். உரமும் அப்போதே இடப்பட வேண்டும். நவம்பருக்குப் பின்னர் யூரியா இட்டாலோ அடியில் நிறையத் தண்ணீர் ஊற்றினாலோ, மரம் பூப்பதை விட்டு மீண்டும் இலைவிடத் தொடங்கும்.

எதை வெட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். முதலில் காய்ந்தவை, நோயுற்றவை, ஒன்றோடொன்று உராய்பவை ஆகியவற்றை அகற்றுங்கள். அடுத்து, மரத்தின் நடுவில் நேராக மேலெழும் கொப்புகளில் ஒன்றிரண்டை அடியோடு எடுத்து, உள்ளே வெயிலும் காற்றும் புக வழிசெய்யுங்கள். ஈரம் மிகுந்த நமது ஊரில் இது மிகவும் முக்கியமானது. காற்றோட்டமில்லாத மரத்தில் பூங்கொத்துகளைக் கறுக்கச் செய்யும் அந்திரக்நோஸ் என்னும் பூஞ்சண நோய் விரைவாகப் பரவும். கறுத்தக்கொழும்பான் என்னும் மா இனம் பெயரில் கொழும்பைத் தாங்கியிருந்தும் யாழ்ப்பாணத்தின் வறண்ட காற்றில் சிறந்து காய்க்கிறது. இங்கே பூக்கும் வேளையில் பெய்யும் மழையால் அதன் பூ எளிதில் கருகிவிடுகிறது. ஒரே தடவையில் இலைத்தொகுதியின் கால்பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். மரம் மிக உயர்ந்துவிட்டதென்றால், மூன்று ஆண்டுகளாகப் பிரித்துச் சிறிது சிறிதாகத் தாழ்த்துங்கள். கூலிக்கு வருபவர்கள் வேலை சீக்கிரம் முடியவேண்டும் என்று தலையை மொட்டையாகத் தறித்துவிடுவதைக் கொழும்பின் பல வளவுகளில் பார்த்து வருந்தியிருக்கிறேன். நிழலில் இருந்த பட்டை திடீரென வெயில் பட்டு வெடிக்கும். தறித்த இடத்திலிருந்து கொத்தாகக் கிளம்பும் குச்சிகள் பலமில்லாமல் முறிந்து விழும்.

பருத்த கொப்பை மூன்று வெட்டாக வெட்ட வேண்டும். தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, முதலில் அடிப்பக்கமாக மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு அறுத்து, பின்னர் அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால், பாரம் பட்டையைக் கிழிக்காமல் கீழே விழும். மீந்த கட்டையை, கொப்பு தண்டோடு சேருமிடத்தில் வளையமாகத் தெரியும் புடைப்பை ஒட்டி, அந்தப் புடைப்பைக் காயப்படுத்தாமல் அறுத்துவிடுங்கள். மாம்பால் தோலில் பட்டால் வெந்து கொப்புளிக்கும் என்பதால், வெட்டுபவர் முழுக்கைச் சட்டை அணிந்திருக்கட்டும். மின்கம்பி அருகில் செல்லும் கொப்புகளை மட்டும் யாரும் தொடக்கூடாது. மின்சார சபைக்கு அறிவித்து, அவர்கள் மின்சாரத்தைத் துண்டித்த பின்னரே வெட்டுவியுங்கள்.

கேள்வி: வெட்டிய இடத்துக்குத் தார் பூச வேண்டுமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை அறுத்துப் பார்த்து, 1970களில் விளக்கிய உண்மை ஒன்றுண்டு: நம் தோலைப்போல் மரம் புண்ணை ஆற்றுவதில்லை, புண்பட்ட பகுதியைச் சுற்றி உள்ளே தடுப்புகளை எழுப்பி அதை ஒதுக்கிவைத்துவிட்டு, புதிய பட்டையால் வெளியே மூடிக்கொள்கிறது. நான் மேலே சொன்ன புடைப்பிலிருந்தே அந்தப் பட்டை வளர்ந்து வருகிறது. தார் அதற்கு உதவாது. அடியில் ஈரத்தைத் தேக்கி உக்கலை வளர்க்கவும் கூடும். வெட்டுவாயில் நீர் தங்காமல் சற்றுச் சாய்வாக வெட்டி, வாளை ஒவ்வொரு மரத்துக்கும் முன்னர் ஸ்பிரிட்டால் துடைத்துக்கொண்டால் போதும்.

கேள்வி: தேசி மரத்தின் அடியிலிருந்து முள் நிறைந்த குச்சிகள் வேகமாக வளர்கின்றன. விடலாமா? கொய்யாவையும் மாவைப்போல் ஜூலையில்தான் வெட்ட வேண்டுமா?
– வாசகி, தெகிவளை

பதில்: ஒட்டுக்குக் கீழிருந்து வருபவை வேர்க்கட்டையின், அதாவது நல்ல தேசியை ஒட்டுவதற்கு அடியாக வைத்த மரத்தின் குச்சிகள், விட்டுவைத்தால் மேலுள்ள நல்ல தேசியை அவை மேவிவிடும். இளசாக இருக்கும்போதே கையால் பிடுங்கிவிடுங்கள். கொய்யாவின் இயல்பு மாவுக்கு மாறானது: அது புதிதாக வரும் துளிரிலேயே பூக்கும். எனவே காய் ஓய்ந்த எந்த வேளையிலும் நுனிகளைக் கத்தரிக்கலாம். கத்தரித்தால் காய்ப்புக் கூடும்.

கேள்வி: வீட்டை விரிவாக்குவதற்காக 40 ஆண்டுப் பலாமரத்தைத் தறிக்க எண்ணுகிறோம். கொப்புகளை மட்டும் வெட்டினால் காய்க்குமா?
– வாசகர், வத்தளை

பதில்: தறிப்பதற்கு முன்னர் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தும் 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, சொந்த வளவில் நிற்கும் பலாவையும் ஈரப்பலாவையும்கூட அனுமதியின்றித் தறிக்க முடியாது. கிராம உத்தியோகத்தரிடம் விசாரித்து, பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பஞ்ச காலங்களில் சோற்றுக்குப் பதிலாக இந்நாட்டின் பல குடும்பங்களைக் காத்த மரம் அது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடெங்கும் பலாக்கன்று நடச்செய்த ஆர்தர் வி. டயஸைச் சிங்கள மக்கள் 'கொஸ் மாமா' (பலா மாமா) என்றே நினைவுகூர்கிறார்கள். தறிக்காமல் வீட்டின் வரைபடத்தைச் சற்று மாற்ற முடியுமா என்று பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கொப்புகளை அளவோடு வெட்டினால் காய்ப்புக்குக் கேடில்லை. பலா நுனியில் காய்ப்பதில்லை. அடிமரத்திலும் பருத்த கொப்புகளிலும் உள்ள முடிச்சுகளிலிருந்தே காய்க்கும். ஆண்டுதோறும் அதே முடிச்சுகளில் மீண்டும் பிஞ்சு வரும் என்பதால், காய் பறிக்கும்போது காம்பை மட்டும் அறுத்து, முடிச்சைச் செதுக்காமல் விட்டுவிடுங்கள்.