அம்மாவுக்குத் தெரியாமல் வீட்டைக் காலி செய்யலாமா?

கேள்வி: தஞ்சாவூரில் 71 வயதான என் அம்மா தனியாக இருக்கிறார். இரண்டாவது மாடி பிளாட், அவர் பெயரில்தான் இருக்கிறது. அப்பா இறந்த பிறகு பழைய பேப்பர், அட்டைப்பெட்டி, துணி என்று எதையும் தூக்கிப் போட விடுவதில்லை. ஹாலில் கால் வைக்க இடமில்லை. 15 நாளில் அகற்றாவிட்டால், தீ ஆபத்தைக் காரணம் காட்டிப் பூட்டை உடைப்போம் என்று அசோசியேஷன் நோட்டீஸ் கொடுத்திருக்கிறது. அவர்களுக்கு அந்த அதிகாரம் உண்டா? அதற்குள் அம்மாவை என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டு நானே காலி செய்துவிடலாமா?

பதில்: பூட்டை உடைக்கும் அதிகாரம் அசோசியேஷனுக்குக் கிடையாது. அம்மாவின் சம்மதமில்லாமல் உள்ளே நுழைந்தால் அது குற்றம். போலீஸில் புகார் கொடுக்கலாம். ஆனால் அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பொதுத் தொல்லையை அகற்றக் கோரி, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 152-வது பிரிவின்கீழ் அவர்கள் கோட்டாட்சியரிடம் மனு போடலாம். அங்கேயும் அம்மா தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு தரப்படும்.

நீங்களே காலி செய்வதும் வேண்டாம். மகன் என்பதற்காக அவர் பொருளில் கைவைக்க உங்களுக்கு உரிமை இல்லை. எதையும் விட முடியாமல் இப்படிச் சேர்ப்பதற்குப் பின்னால் மனநலக் கோளாறு இருக்கலாம். சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். திரும்பி வந்து வெறும் ஹாலைப் பார்க்கிறவர் அப்புறம் உங்களுக்குக் கதவைத் திறப்பாரா? வீடும் மறுபடி நிறைந்துவிடும்.

முழு வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்ற எண்ணத்தையே விடுங்கள். தீப்பிடித்தால் அம்மா வெளியே வர முடியுமா, அதைப் பாருங்கள். கட்டிலிலிருந்து வாசல் வரை, இருட்டிலும் தடுக்காமல் நடக்க ஒரு பாதை வேண்டும். அடுத்து அடுப்பும் சிலிண்டரும் இருக்கும் இடம். பூஜை விளக்கு பக்கத்தில் இருக்கும் பேப்பர் கட்டு அன்றைக்கே நகர வேண்டும். பேப்பருக்கு அடியில் ஓடும் எக்ஸ்டென்ஷன் வயரை எடுத்துவிடுங்கள். பேட்டரியில் இயங்கும் புகை அலாரம் ஒன்றை மாட்டுங்கள். "தூக்கிப் போடலாமா" என்று கேட்காதீர்கள், "இதை அந்த அறைக்கு மாற்றட்டுமா" என்று கேளுங்கள். தீயணைப்பு நிலைய அலுவலரிடம் மனு கொடுத்து, நேரில் பார்த்து ஆலோசனை சொல்லும்படியும் கேட்கலாம்.

சிகிச்சை பெறுவது, மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 18-வது பிரிவின்படி அம்மாவின் உரிமை. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். சம்மதமில்லாமல் மருத்துவமனையில் சேர்க்க அதே சட்டத்தின் 89-வது பிரிவு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அதற்கு மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்து, நோயின் தீவிரத்தால் அவருக்கோ பிறருக்கோ ஆபத்து என்று முடிவு செய்ய வேண்டும். பொருள் சேர்க்கிறார் என்பது மட்டும் போதாது.

கெடு முடிவதற்குள் நோட்டீஸுக்குப் பதில் அனுப்புங்கள். எந்தெந்த இடத்தை எப்போது சரிசெய்கிறீர்கள் என்று தேதியோடு எழுதி, சரிசெய்த இடங்களின் போட்டோவை இணைத்து, ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பிளாட் அம்மா பெயரில் இருப்பதால், அவருக்குப் படித்துக் காட்டி, அவர் கையெழுத்தோடுதான் அது போக வேண்டும்.