வாசகர் கேள்வி: எம்.எல்.ஏ. கட்சி மாறினால்?

கேள்வி: எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. வேறு கட்சிக்குத் தாவப் போகிறார் என்று பேச்சு அடிபடுகிறது. அப்படித் தாவினால் பதவி பறிபோகுமா? வாக்களித்த நாங்கள் என்ன செய்ய முடியும்?
- வாசகர், விருத்தாசலம்

பதில்: உங்கள் கவலை நியாயமானது. 1985இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையின்படி, தம்மை நிறுத்திய கட்சியின் உறுப்பினர் பொறுப்பைத் தாமாக விட்டு விலகுபவரும், முன் அனுமதியின்றிக் கொறடா உத்தரவை (சபையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்ற கட்சியின் கட்டளையை) மீறி வாக்களிப்பவரும் பதவியை இழக்க நேரிடும். விலகல் கடிதம் கொடுக்காவிட்டாலும், மாற்றுக் கட்சி மேடையில் துண்டு போட்டுக்கொள்வது போன்ற நடத்தையே விலகலுக்குச் சான்றாகலாம்.

சிக்கல் தீர்ப்பளிப்பவரிடம் இருக்கிறது. முடிவெடுப்பவர் சபாநாயகர், அவரோ பெரும்பாலும் ஆளுங்கட்சிக்காரர். ஆகவே ஆளுங்கட்சிக்குத் தாவியவர் மீதான புகார் கிடப்பில் கிடக்கிறது. மணிப்பூர் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம், சாதாரணமாக மூன்று மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று கூறிய பிறகும் இழுத்தடிப்பு நிற்கவில்லை. இது வாக்காளருக்கு இழைக்கப்படும் அநீதி என்றே கருதுகிறேன். பதவியைத் துறந்துவிட்டு இடைத்தேர்தலில் புதுச் சின்னத்தில் நிற்பதற்கும் தடையில்லை. கர்நாடகத்தில் 2019இல் தகுதி நீக்கப்பட்டவர்களே அவ்வாறு நின்று, பலர் வென்றார்கள்.

எம்.எல்.ஏ.வைத் திரும்ப அழைக்கும் உரிமை நமக்கு இல்லை. ஆனால், அக்கறையுள்ள எவரும் சபாநாயகரிடம் தகுதி நீக்க மனு அளிக்கலாம் என்று ஒடிசா வழக்கொன்றில் 2013இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டுள்ளது. அவர் தாவினால், மேடைப் பேச்சு, புகைப்படம், நாளிதழ்ச் செய்தி ஆகியவற்றைத் தேதியுடன் திரட்டி, வழக்கறிஞர் துணையோடு மனு அளியுங்கள்.