இஞ்சியின் நுண்குமிழ்கள்

கேள்வி: பெருங்குடல் அழற்சிக்கு மாத்திரை உட்கொள்கிறேன். இஞ்சியின் நானோ துகள்கள் அழற்சியைத் தணிக்கும் என்கிறார்களே, மாத்திரைக்குப் பதிலாக இஞ்சிச் சாறு குடிக்கலாமா?

பதில்: வேண்டாம், இஞ்சிச் சாறும் அந்த நானோ துகள்களும் ஒன்றல்ல. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், இஞ்சியை அரைத்தெடுத்த சாற்றை அதிவேக மையவிலக்கியில் சுழற்றி, ஏறத்தாழ 230 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுள்ள, கொழுப்புப் படலம் சூழ்ந்த குமிழ்களைப் பிரித்தெடுத்தனர். நீங்கள் சொல்லும் நானோ துகள்கள் இவைதான். இஞ்சியின் காரப் பொருள்களான ஜிஞ்சரால், ஷோகால் ஆகியவற்றைச் சுமந்த அக்குமிழ்களை வாய்வழியாகப் பெற்ற எலிகளின் பெருங்குடலில், அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப்-ஆல்பா, இன்டர்லூகின்-6 போன்ற புரதங்கள் குறைந்தன. அழற்சியை அடக்கும் இன்டர்லூகின்-10 கூடியது. மிகுந்த நம்பிக்கை தரும் முடிவுதான், ஐயமில்லை. எனினும் அது பிரித்துச் செறிவூட்டிய குமிழ்களால், எலிகளிடம் கிடைத்த பலன் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை ஒருநாளும் நிறுத்திவிடாதீர்கள்.