கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்றால் கிருமியே இல்லை என்று அர்த்தமா?

பையன் வயலில் விழுந்து கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது, அறுவை முடிந்து ஆறு வாரமாகியும் சீழ் வடிகிறது, இரண்டு கல்ச்சரிலும் (கிருமி வளர்கிறதா என்று லேபில் வைத்துப் பார்க்கும் சோதனை) ‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, மைக்ரோபயாலஜி லேபில் வேலை பார்ப்பவன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் குளோஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகளுக்குக் காற்று ஆகாது. புண்ணின் மேல் பஞ்சுக்குச்சியால் தடவி சாதாரணக் குழாயில் அனுப்பினால், லேபில் எதுவும் வளராமல் போகலாம். ஆன்டிபயாடிக் ஓடும்போது எடுத்திருந்தால் கேட்கவே வேண்டாம். குழந்தைகளுக்கு இந்தத் தொற்று அபூர்வம்தான், ஆனால் மண் பட்ட காயம் என்பதால் கேட்பதில் தப்பில்லை: உள்ளேயிருந்து எலும்புத் துணுக்கு எடுத்து, காற்றுப்படாத முறையில் அனுப்பி, வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் வைத்துப் பார்ப்பார்களா? அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ப்ளீஸ்.

எம்.ஆர்.ஐ. பற்றியும் கேளுங்கள். உள்ளே செத்த எலும்பு இருந்தால் ரத்தம் போகாத அந்த இடத்துக்கு மருந்தும் சரியாகப் போகாது. அதைச் சுரண்டி எடுத்தால்தான் வழி. அப்புறம் மருந்து வாரக்கணக்கில் ஓடும், பொறுமை வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திடீரென்று வலி தாங்க முடியாமல் போனாலோ, வீக்கம் வேகமாகப் பரவினாலோ, தோலை அழுத்தினால் நறநறவென்றாலோ இந்தப் பதிலை மறந்துவிட்டு உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.