கேள்வி – பதில்: ‘கன்வர்ஜ்’ எங்கே பொருந்தும்?

கேள்வி: ‘ஃபார்மர்ஸ் கன்வர்ஜ்ட் ஆன் டெல்லி’ என்று ஆங்கில நாளிதழில் தலைப்பு. ‘கேதர்ட்’ என்று எழுதினால் போதாதா? அந்த ‘ஆன்’ எதற்கு?

பதில்: எழுதலாம், இலக்கணப் பிழை இல்லை. ஆனால் ‘கேதர்’ என்பது கூடியதை மட்டும் சொல்லும். பல திசைகளிலிருந்து புறப்பட்டு ஒரே இலக்கை நோக்கி வந்தார்கள் என்பது ‘கன்வர்ஜ்’ஜில்தான் இருக்கிறது. லத்தீனில் ‘வெர்கெரே’ என்றால் சாய்தல். முன்னால் உள்ள ‘கன்’, சேர்ந்து என்ற பொருள் தருவது. 2020 நவம்பரில் பஞ்சாப், அரியானா, உத்தரப் பிரதேச விவசாயிகள் டெல்லியை நோக்கி வந்து சிங்கு, டிக்ரி, காஸிப்பூர் எல்லைகளில் அமர்ந்தார்களே, அதற்கு இந்தச் சொல் கச்சிதம். ‘ஆன்’ இலக்கைக் காட்டுகிறது. ‘என்டர்ட் டெல்லி’ என்று எழுதியிருந்தால் செய்தியே மாறியிருக்கும்.

ஆட்கள் ஓரிடத்தை நோக்கித் திரண்டால் ‘ஆன்’. சாலைகளோ கோடுகளோ ஒரு புள்ளியில் சந்தித்தால் ‘அட்’. ஒற்றையடிப் பாதை நெடுஞ்சாலையோடு சேர்ந்தால் ‘வித்’. ‘டுகெதர்’ வேண்டாம், சேர்தல் வினைக்குள்ளேயே இருக்கிறது. அழுத்தம் இரண்டாம் அசையில் விழும். நம்மில் பலர் ‘கான்’ என்று முதல் அசையை நீட்டிக் கெடுக்கிறோம்.

தேர்வுத்தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் அடிக்கடி வரும் பிழைகள் இரண்டு. ‘ஹீ கன்வர்ஜ்ட் ஆன் மதுரை’ தவறு, ஒற்றை ஆள் குவிய முடியாது. ‘த கலெக்டர் கன்வர்ஜ்ட் த ஆபீசர்ஸ்’ என்பதும் தவறு. அதிகாரிகளை அழைத்துக் கூட்டம் நடத்துவதற்கு ‘கன்வீன்’ என்ற வேறு வினை இருக்கிறது: ‘த கலெக்டர் கன்வீன்ட் எ மீட்டிங்’. பொதுவாக ‘கன்வர்ஜ்’ செயப்படுபொருள் ஏற்காது. ஒளியியல் விதிவிலக்கு: குவிலென்ஸ் இணைகதிர்களைக் குவிக்கிறது என்பதை ‘கன்வர்ஜஸ் பாரலல் ரேஸ்’ என்று தாராளமாக எழுதலாம்.

கேள்வி: ‘மெர்ஜ்’ஜும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லை. மெர்ஜ் ஆனால் தனி அடையாளம் போய்விடும். 2017 ஏப்ரல் 1 அன்று திருவாங்கூர், மைசூர் உள்ளிட்ட ஐந்து துணை வங்கிகளும் பாரதிய மகிளா வங்கியும் பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்தன. அது மெர்ஜ், பழைய பெயர்ப்பலகைகள் போயே போய்விட்டன. இரு கட்சிகளின் கொள்கைகள் நெருங்கி வந்தால் கன்வர்ஜ். கட்சிகள் இரண்டாகவே இருக்கும்.

இதன் எதிர்ச்சொல் ‘டைவர்ஜ்’. பவானி கூடுதுறையில் பவானியும் காவிரியும் சேர்வது கன்வர்ஜ், முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிவது டைவர்ஜ்.

கேள்வி: என் மகளின் கணக்குப் புத்தகத்தில் ‘சீரீஸ் கன்வர்ஜஸ் டு 1’ என்று இருக்கிறது. அங்கே எது எதோடு சேர்கிறது?

பதில்: 1/2 + 1/4 + 1/8 என்று கூட்டிக்கொண்டே போனால் 1/2, 3/4, 7/8 என வரும் கூடுதல் 1-ஐ நெருங்கிக்கொண்டே இருக்கும். எத்தனை உறுப்பு வரை கூட்டி நிறுத்தினாலும் 1 வராது. ஆனால் வித்தியாசத்தை எவ்வளவு சிறியதாக வேண்டுமானாலும் ஆக்கலாம். கணக்கில் கன்வர்ஜ் என்பது இதுதான், உருபும் ‘டு’தான். உறுப்புகள் சிறுத்தால் மட்டும் போதாது என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள்: 1 + 1/2 + 1/3 + 1/4 என்ற தொடரிலும் உறுப்புகள் சிறுக்கின்றன, கூடுதலோ எல்லையின்றி வளர்கிறது.